மெத்தை வாங்கப் போகும் சகோதரிக்கு



கிழக்கிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். மகளுக்கு நிக்காஹ் பேசி முடிந்திருக்கிறது. கட்டிலும் அலுமாரியும் தச்சரிடம் சொல்லியாகிவிட்டது. மெத்தைதான் பாக்கி. வீடு பார்க்க வந்த மாப்பிள்ளையின் ராத்தா, “ஸ்பிரிங் மெத்தைதான் வேணும், பத்து அங்குலத் தடிப்பில எடுங்க” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். இவரோ தையல் மெஷினை மிதித்து, சீட்டுக் கட்டிச் சேர்த்த காசை வைத்திருக்கிறார். அதே வீட்டில் இவருடைய உம்மா இருக்கிறார். எழுபது வயதைத் தாண்டியவர். நடுவில் குழி விழுந்த பழைய பஞ்சு மெத்தையில் படுத்து, சுபஹுக்கு எழும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்கிறாராம். “அவர்கள் கேட்டதை வாங்கினால் உம்மாவுக்கு ஒன்றும் வாங்க முடியாது. எந்த மெத்தை நெடுநாள் உழைக்கும்? இந்தக் காசில் இரண்டு வாங்க வழி உண்டா?” என்பதுதான் அவருடைய கேள்வி.

வழி உண்டு. ஆனால் அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மெத்தை யாருடைய கணக்கில் சேர வேண்டியது என்பது நம் மத்ஹபில் விடை இல்லாத கேள்வி அல்ல. அறபுக் கல்லூரிகளில் மேல் வகுப்புகளில் ஓதப்படும் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் என்ற கிதாபில், மனைவிக்குரிய செலவுகள் பற்றிய பாடத்தில் இது வருகிறது. உணவு, உடை ஆகியவற்றோடு மனைவி உட்காருவதற்கு ஒரு விரிப்பு, தூங்குவதற்கு ஒரு மெத்தை, ஒரு தலையணை, குளிர் காலத்துக்கு ஒரு போர்வை ஆகியவற்றையும் கணவனே கொடுக்க வேண்டும் என்பதுதான் அங்கே கூடுதல் சரியான கருத்தாகக் கூறப்பட்டிருக்கிறது. பெண் வீட்டார் மனம் விரும்பி வாங்கிக் கொடுத்தால் அது அன்பளிப்பு; அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அங்குலக் கணக்குச் சொல்லிக் கேட்பது வேறு விஷயம். மாப்பிள்ளையின் ராத்தாவோடு சண்டைக்குப் போங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. சபையில் பேசக்கூடிய ஒரு பெரியவரைப் பிடித்து, மாப்பிள்ளையின் வாப்பாவிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். அநேகமான இடங்களில் மாப்பிள்ளைமாருக்கு இந்த அங்குலக் கதையே தெரிந்திருப்பதில்லை.

மெத்தையில் படுப்பதே ஆடம்பரம் என்று எண்ணுகிற சிலரும் நம்மிடையே இருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்களின் விலாவில் பாயின் தழும்பு பதிந்திருந்ததைக் கண்டு உமர் (ரழி) அவர்கள் அழுத சம்பவத்தை அவர்கள் எடுத்துக் காட்டுவார்கள். அது உண்மைதான். ஆனால் அதே நபியவர்களிடம் ஒரு விரிப்பு இருந்தது, அது பதனிட்ட தோலினால் ஆனது, அதனுள்ளே பேரீச்ச மரத்தின் நார் அடைக்கப்பட்டிருந்தது என்று ஆஇஷா (ரழி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் புஹாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. தோல் உறை, உள்ளே நார். நம்முடைய தும்பு மெத்தைக்கு இது தூரத்து உறவு என்றுகூடச் சொல்லலாம். உழைத்துக் களைத்த உடம்புக்கு நல்ல படுக்கை தேடுவது தவறில்லை. தேவைக்கு மேல் அடுக்கி வைப்பதைத்தான் மார்க்கம் வெறுக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம்.

கடையில் நாம் பார்ப்பது உறையை. பூப்போட்டுத் தைத்த பளபளக்கும் துணி, நான்கு பக்கமும் பட்டி, மூலையில் ஒரு பெரிய லேபல். பத்து வருடம் நம் உடம்பைத் தாங்கப் போவது அதற்குள்ளே இருப்பது. மெத்தை வாங்கும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, தடிப்பும் அல்ல. “உள்ளே என்ன இருக்கிறது?” என்பதுதான். அதைத் தெளிவாகச் சொல்ல முடியாத, அல்லது சொல்ல விரும்பாத கடையில் வாங்காமல் வந்துவிடுங்கள்.

நம் நாட்டுக் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை ஸ்பொஞ், தும்பு, இறப்பர், ஸ்பிரிங் ஆகிய நான்கும்தான். பழைய இலவம் பஞ்சு மெத்தையும் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது.

ஸ்பொஞ் மெத்தையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்கிறேன். அதிகமாக விற்பதும் அதுதான், அதிகமாக ஏமாறுவதும் அதில்தான். இது பெற்றோலியத்திலிருந்து எடுக்கும் இரசாயனப் பொருட்களால் ஆன நுரை. ஒரே மாதிரித் தோன்றும் இரண்டு மெத்தைகளில் ஒன்று பத்து வருடம் நிற்கும், மற்றது இரண்டு வருடத்தில் நடுவில் பள்ளம் விழும். காரணம் அதன் அடர்த்தி. நுரைக்குள் காற்று எவ்வளவு, சரக்கு எவ்வளவு என்பதுதான் அடர்த்தி. ஒரு கன மீற்றர் நுரை எத்தனை கிலோ நிறுக்கிறது என்று அதைக் கணக்கிடுவார்கள். 16, 18 என்றால் மலிவுச் சரக்கு. அது கதிரையின் முதுகுப் பக்கத்துக்குச் சரி, நாள்தோறும் ஒரு பெரிய ஆள் படுக்கும் மெத்தைக்குப் போதாது. 28 முதல் 32 வரை இருந்தால் நம்பி வாங்கலாம். அதற்கு மேலே இருந்தால் இன்னும் நல்லது.

இந்த எண்ணைக் கடையில் கேளுங்கள். அவர்கள் சொல்லுகிற எண் சரியா என்பதை வீட்டுத் தராசிலேயே பார்த்துவிடலாம். மெத்தையின் நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்குங்கள். அதை அங்குலத் தடிப்பால் பெருக்கி 12ஆல் வகுத்தால் எத்தனை கன அடி என்று தெரியும். 6 அடி நீளம், 5 அடி அகலம், 6 அங்குலத் தடிப்பு என்றால் 15 கன அடி. 32 அடர்த்தியுள்ள நுரை ஒரு கன அடிக்கு ஏறக்குறைய 900 கிராம் நிறுக்கும். 16 அடர்த்தி என்றால் அதில் பாதி. ஆகவே அந்த மெத்தை முழுவதும் நல்ல நுரையாக இருந்தால் உறை இல்லாமலே பதின்மூன்று கிலோவுக்கு மேல் நிற்க வேண்டும். ஒரு சின்னப் பிள்ளை ஒற்றைக் கையால் தூக்கிப் போகிற மாதிரி ஏழு கிலோதான் இருக்கிறது என்றால், லேபலில் எத்தனை நட்சத்திரம் போட்டிருந்தாலும் நம்ப வேண்டாம். 6 அடிக்கு 3 அடி, 5 அங்குலம் என்றால் 7½ கன அடி. நல்ல நுரையில் ஏழு கிலோவுக்குச் சற்றுக் குறைவாக வரும்.

இதிலும் ஒரு தந்திரம் உண்டு. பாரம் காட்டுவதற்காகச் சிலர் நுரையில் சுண்ணாம்புத் தூள் வகையைக் கலப்பார்கள். உறையின் ஸிப்பைத் திறந்து நுரையை விரலால் உரசிப் பாருங்கள். கையில் வெள்ளைத் தூள் ஒட்டினால் அதுதான். ஸிப் இல்லாமல் சுற்றிவரத் தைத்து மூடிய மெத்தையாக இருந்தால், உள்ளே இருக்கும் நுரையின் மாதிரித் துண்டைக் காட்டச் சொல்லுங்கள். நல்ல நுரையைக் கையால் கசக்கி விட்டால் உடனே பழைய உருவத்துக்கு வந்துவிடும்.

பல நிறத் துண்டுகளை ஒட்டி அழுத்திச் செய்த நுரையும் விற்கிறது. வெட்டிப் பார்த்தால் கருப்பு, பச்சை, மஞ்சள் எல்லாம் தெரியும். கழிவுத் துண்டு என்று அதை ஒதுக்கிவிட வேண்டாம். அது பாரமானது, இறுக்கமானது, எளிதில் பள்ளம் விழாது. ஆனால் தனியாக அதன் மேல் படுத்தால் பலகை போல இருக்கும். கீழே அதுவும் மேலே ஒன்றிரண்டு அங்குலம் மென்மையான நல்ல நுரையும் வைத்துச் செய்த மெத்தை நடுத்தர வருமானத்துக்கு ஏற்றது.

அடுத்தது தும்பு. தேங்காய் மட்டைத் தும்பைச் சுருட்டி, இறப்பர் பால் தெளித்து, அழுத்திச் சூட்டில் இறுக்கிப் பலகைகளாகச் செய்வார்கள். இடையில் காற்றோட்டம் இருப்பதால் வியர்வை தங்குவதில்லை. கரையோர ஊர்களில் மே, ஜூன் மாத இரவுகளில் படுத்துப் பார்த்தவருக்கு இதன் அருமை தெரியும். இறுக்கமாக இருக்கும், எழும்புவதற்குச் சுலபம். குறை என்னவென்றால், இறப்பர் பால் குறைவாகத் தெளித்திருந்தால் சில வருடங்களில் தும்பு உடைந்து தூளாகும். கட்டிலைத் தூக்கினால் கீழே செம்மண் போலக் கொட்டிக் கிடக்கும். வாங்கும்போது மெத்தையின் மேல் நாலைந்து முறை பலமாகத் தட்டிப் பாருங்கள். உள்ளே சரசரவென்று சத்தம் கேட்டாலோ தூள் வந்தாலோ வேண்டாம்.

இறப்பர் மெத்தை நம் நாட்டுக்குச் சொந்தமான செல்வம் என்றே சொல்லலாம். 1876ஆம் ஆண்டு இலங்கைக்கு வந்த இறப்பர்க் கன்றுகள் கம்பஹாவுக்குப் பக்கத்தில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில்தான் நடப்பட்டன. இன்று களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்து இறப்பர் பாலில் செய்த மெத்தைகள் வெளிநாடுகளுக்கும் போகின்றன. இறப்பர் பாலை நுரைக்க வைத்து அச்சில் ஊற்றி வேகவைக்கும் முறை 1929இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. இந்த மெத்தையில் ஊசியால் குத்தியது போல வரிசையாகத் துளைகள் இருக்கும். உடம்பு அழுத்தும் இடத்தில் மட்டும் இறங்கி, புரண்டவுடன் திரும்பி எழும். நான் சொன்ன நான்கிலும் நெடுங்காலம் உழைப்பது நல்ல இறப்பர் மெத்தைதான். பாரமும் அதிகம், மேலே சொன்ன 15 கன அடி மெத்தை முழு இறப்பரில் முப்பது கிலோவை எட்டும். விலையும் அதற்கேற்றபடி. ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறப்பர் என்று சொல்லி விற்பவற்றில் பெற்றோலியத்திலிருந்து செய்த செயற்கை இறப்பர் கலந்ததும் உண்டு, மேலே ஒரு அங்குலம் இறப்பரும் கீழே முழுக்க ஸ்பொஞ்சும் வைத்ததும் உண்டு. “முழுவதும் இயற்கை இறப்பரா, எத்தனை அங்குலம்?” என்று கேட்டு, அதைப் பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஸ்பிரிங் மெத்தையில் இரண்டு வகை. ஒன்றில் எல்லாச் சுருள்களும் கம்பியால் ஒன்றோடொன்று பிணைந்திருக்கும். ஒருவர் புரண்டால் அடுத்தவரும் ஆடுவார். மற்றதில் ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப் பைக்குள் இருக்கும். அதுவே நல்லது, ஆனால் விலை அதிகம். பத்து அங்குலம் என்று கேட்கும்போது பலர் நினைப்பது பத்து அங்குலமும் சுகம் என்று. உண்மையில் அதில் பெரும் பகுதி கம்பிச் சுருளும் வெற்று இடமும். நம் முதுகுக்குச் சம்பந்தப்பட்டது மேலே இருக்கும் ஒன்றிரண்டு அங்குல நுரைதான். அது மலிவு நுரையாக இருந்தால் இரண்டாம் வருடமே சுருளின் வட்டம் இடுப்பில் தெரியும். கடல் காற்று வீசும் ஊரில் கம்பி துருப் பிடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். ராத்தா கேட்டது பத்து அங்குல உயரத்தை. அதே காசுக்கு ஆறு அங்குலத்தில் அதைவிட நல்ல சரக்கு வாங்கலாம்.

மெமரி ஃபோம் என்று ஒன்றும் இப்போது வருகிறது. அமெரிக்க விண்வெளி ஆய்வு நிலையத்துக்காக 1966இல் செய்யப்பட்ட நுரையிலிருந்து வந்தது. உடம்புச் சூட்டில் இளகும் இயல்புள்ளது. சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குளிரூட்டி இல்லாத வீட்டுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

எவ்வளவு இறுக்கமாக இருக்க வேண்டும்? முதுகு வலி என்றதும் “வெறும் பலகையில் படு” என்று சொல்வது நம் ஊர் வழக்கம். அந்தக் கருத்தைச் சோதிக்க ஸ்பெயினில் ஓர் ஆய்வு நடந்தது. நாட்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேருக்கு, எது எதென்று தெரியாதபடி, பாதிப் பேருக்கு மிக இறுக்கமான மெத்தையும் மற்றவர்களுக்கு நடுத்தர இறுக்கமுள்ள மெத்தையும் கொடுத்து 90 நாட்கள் பார்த்தார்கள். நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்தது. 2003இல் லான்செட் என்ற பெயர்பெற்ற மருத்துவ சஞ்சிகையில் இது வெளிவந்தது. யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். நாம் வலப் பக்கம் சரிந்து படுப்பதை ஸுன்னத்தாகப் பேணுகிறவர்கள். பக்கவாட்டில் படுக்கும்போது தோளும் இடுப்பும்தான் பாரத்தைத் தாங்குகின்றன. பலகையில் படுத்தால் அவை இரண்டும் நோகும். மிக மென்மையான மெத்தையில் இடுப்பு அமிழ்ந்து முதுகெலும்பு வளையும். மல்லாந்து படுத்து, இடுப்புக்குக் கீழே கையைச் செலுத்திப் பாருங்கள். கை தாராளமாகப் போய் வந்தால் மெத்தை மிக இறுக்கம். கையை நுழைக்கவே முடியாவிட்டால் மிக மென்மை. கொஞ்சம் உரசிக்கொண்டு போனால் சரி. வயதானவர்களுக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும். மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தால் அது அமிழக் கூடாது. அமிழ்ந்தால் எழும்புவதற்குக் கஷ்டப்படுவார்கள்.

கடையில் படுத்துப் பார்க்கச் சொல்லித்தான் எல்லோரும் அறிவுரை சொல்வார்கள். கடைப் பையன்மார் நிற்கிற இடத்தில் நம் பெண்கள் எப்படிப் படுத்துப் பார்ப்பது? அதனால்தான் மெத்தையை ஆண்கள் போய்த் தெரிவு செய்கிறார்கள், பெண்கள் அதில் படுக்கிறார்கள். இதற்கு நான் சொல்லும் வழி இது. உறவினர் வீடுகளுக்குப் போகும்போது அவர்களுடைய மெத்தையில் கால் மணி நேரம் படுத்துப் பாருங்கள். பிடித்திருந்தால் அது என்ன வகை, எத்தனை அங்குலம், எத்தனை வருடம் ஆயிற்று என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து வருடம் பாவித்த மெத்தை சொல்லும் உண்மையைப் புது மெத்தை சொல்லாது. கடையில் முழங்கையையும் உள்ளங்கையையும் ஊன்றி அழுத்திப் பார்த்தாலே, வீட்டில் படுத்த மெத்தையோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

கட்டிலையும் ஒருமுறை பாருங்கள். மெத்தை பழுது என்று குறை சொல்லப்படும் பல வீடுகளில் பழுது கட்டிலில் இருக்கிறது. குறுக்குச் சட்டங்களுக்கிடையில் இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் மெத்தை அதற்குள் இறங்கும். பெரிய கட்டிலுக்கு நடுவில் ஒரு கால் அவசியம். தச்சரிடம் இப்போதே சொன்னால் செலவு அதிகம் வராது. அளவையும் கட்டிலின் உள்பக்கத்தில் எடுங்கள். மாப்பிள்ளை ஆறடி உயரம் என்றால் ஆறடிக் கட்டிலில் கால் வெளியே நீட்டும். கட்டில் இன்னும் அறுத்து முடியவில்லை என்றால் நாலைந்து அங்குலம் கூட்டச் சொல்லுங்கள்.

வாங்கிய பிறகு மெத்தையைக் கெடுப்பதில் முதலிடம் பொலித்தீனுக்கு. புதுசு போகக் கூடாது என்று கடைப் பொலித்தீன் உறையோடு வருடக் கணக்கில் படுக்கிற வீடுகள் இருக்கின்றன. வியர்வை போக வழியில்லாமல் பூஞ்சணம் பிடிக்கும், கெட்ட வாடை வரும். தூசிப் பூச்சி என்ற கண்ணுக்குத் தெரியாத உயிரினம் ஈரத்தில்தான் பெருகும். பிள்ளைகளுக்கு முட்டு வருத்தம் இருந்தால் அதை அது கிளப்பிவிடும். பொலித்தீனைக் கிழித்து எறிந்துவிட்டு, கழுவக்கூடிய பருத்தி உறை ஒன்று தைத்துப் போடுங்கள். மேலே மருதமுனைத் தறியில் நெய்த நல்ல பருத்தி விரிப்பு ஒன்று போதும். படுக்கப் போகும்போது விரிப்பை உதறிவிட்டுப் படுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொல்லித் தந்திருப்பதைப் பிள்ளைகளுக்கும் பழக்குங்கள்.

வெயில் விஷயத்தில் பலரும் ஒரே முறையை எல்லா மெத்தைக்கும் செய்கிறார்கள். இலவம் பஞ்சுக்கு வெயில் மருந்து. காய வைத்துத் தட்டினால் பஞ்சு மலரும். ஆனால் ஸ்பொஞ்சுக்கும் இறப்பருக்கும் நேர் வெயில் நஞ்சு. மஞ்சளாகி, காய்ந்து, பொருபொருத்துப் போகும். அவற்றை நிழலில் காற்றோட்டமான இடத்தில் சாய்த்து வையுங்கள். தலை எண்ணெயும் இறப்பரை அரிக்கும். எண்ணெய் வைத்துப் படுக்கிற வீட்டில் தலைமாட்டில் தடித்த துணி ஒன்று விரியுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாக மாற்றுங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் புரட்டியும் போடுங்கள்.

பிள்ளைகள் சிறுநீர் கழிப்பது பற்றி ஒவ்வொரு மாதமும் யாராவது எழுதுகிறார்கள். பிள்ளை படுக்கும் இடத்தில் மட்டும், விரிப்புக்குக் கீழே, நீர் புகாத துண்டு ஒன்றை விரித்தால் பாதிப் பிரச்சினை தீரும். மீறி நனைந்துவிட்டால் உடனே காய்ந்த துணியால் ஒற்றி ஒற்றி ஈரத்தை எடுங்கள். தேய்த்தால் உள்ளே இறங்கும். பிறகு அந்த இடத்தை மூடும்படி தண்ணீர் ஊற்றி, திரும்பவும் ஒற்றி, காற்றில் உலர விடுங்கள். இரண்டு வயது நிரம்பாத, பால் தவிர வேறு உணவு உண்ணாத ஆண் குழந்தை என்றால் ஈரத்தை ஒற்றி எடுத்த பின் அந்த இடம் முழுவதும் தண்ணீர் தெளித்தாலே போதும் என்பது நம் மத்ஹபின் சட்டம். மெத்தையில் இருந்து தொழ வேண்டிய நோயாளி வீட்டில் இருந்தால், சுத்தமான விரிப்பு ஒன்றை மேலே விரித்துத் தொழலாம். மெத்தையையே கழுவிப் பிழிய வேண்டும் என்று மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கைக்குழந்தைக்கு மென்மையான மெத்தை கூடவே கூடாது. முகம் புதைந்தால் மூச்சு முட்டும். குப்புறப் படுக்க விட வேண்டாம் என்று 1992இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொன்னது. அதன் பிறகு அந்நாட்டில் தூக்கத்தில் குழந்தைகள் இறப்பது பெருமளவு குறைந்தது. இறுக்கமான தட்டையான படுக்கை, மல்லாந்த நிலை, தலையணை வேண்டாம். பெரியவர்களில் எழும்ப முடியாமல் படுத்த படுக்கையாகிவிட்டவர்களுக்கு நான் மேலே சொன்ன எந்த மெத்தையும் தனியாகப் போதாது. படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும்; டொக்டரிடம் கேட்டுக் காற்று மெத்தை போடுவது பற்றி முடிவு செய்யுங்கள்.

இனி கடிதம் எழுதிய சகோதரிக்கு. உங்கள் மகளின் கட்டிலுக்குப் பத்து அங்குல ஸ்பிரிங் வேண்டாம். கீழே ஒட்டு நுரையும் மேலே 32 அடர்த்தியில் இரண்டு அங்குல நுரையும் வைத்த ஆறு அங்குல மெத்தை ஒன்றைப் பேசுங்கள். ஒட்டு நுரை பாரமானது என்பதால், அந்த மெத்தை நான் சொன்ன பதின்மூன்று கிலோவைவிடக் கூடவே நிற்கும். மாப்பிள்ளை வீட்டார் அதைவிட உயர்ந்தது வேண்டும் என்றால், மிச்சத்தை மாப்பிள்ளை போடட்டும். அது அவருடைய கடமையோடு ஒத்துப்போகிற காரியம்தான். உம்மாவுக்கு 6 அடிக்கு 3 அடியில் நாலு அங்குலத் தும்பு மெத்தையும், அதன் மேல் ஒரு அங்குல இறப்பர் விரிப்பும் வாங்குங்கள். வெப்பம் இராது, ஓரம் அமிழாது. அவர் உட்காரும்போது பாதம் தரையில் பட வேண்டும். கட்டில் உயரமாக இருந்தால் காலை ஓரிரு அங்குலம் அறுத்துவிடுங்கள். பழைய பஞ்சு மெத்தையை எறிய வேண்டாம். உறையைப் பிரித்து, பஞ்சை இரண்டு நாள் வெயிலில் காய வைத்து, கட்டி தட்டியதைப் பிரித்தால் நாலைந்து தலையணைக்குக் காணும்.

தவணை முறையில் தருகிறோம் என்று கடையில் சொன்னால், கைக்காசு விலை எவ்வளவு, தவணை விலை எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். தவணை தப்பினால் மேலதிகப் பணம் கேட்பார்களா என்பதையும் கேளுங்கள். கேட்பார்கள் என்றால் அது வட்டி. 2022இல் ஏறிய விலைகளுக்குப் பிறகு ஒரே சரக்குக்குக் கடைக்குக் கடை பெரிய வித்தியாசம் இருக்கிறது. மூன்று கடையாவது ஏறி இறங்குங்கள். உத்தரவாதச் சீட்டில் எத்தனை வருடம் என்பதை மட்டும் பார்க்காமல், எவ்வளவு ஆழம் பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார்கள் என்பதையும் வாசியுங்கள். மெத்தையில் கறை இருந்தால் உத்தரவாதம் செல்லாது என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பதும் உண்டு. முதல் நாளே உறை போடச் சொன்னது அதற்கும் சேர்த்துத்தான். பற்றுச்சீட்டில் அடர்த்தி, தடிப்பு, உள்ளே உள்ள பொருள் மூன்றும் எழுதியிருக்க வேண்டும்.

தலையணை பற்றியும் இரண்டு சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள். அதை அடுத்த மாதம் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.